மேரி எலன் ஏவரி

மேரி எலன் ஏவரி (1927–2011) அமெரிக்கக் குழந்தை மருத்துவர், ஆய்வாளர். குறைமாதக் குழந்தைகள் பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மூச்சுத்திணறி இறந்ததற்கான காரணத்தை 1959-இல் கண்டறிந்தவர். பச்சிளம் குழந்தை மருத்துவம் தனித் துறையாக வளர்ந்ததில் அவருடைய பங்கு மிகப் பெரியது.

நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் 1927 மே 6 அன்று பிறந்தார். பக்கத்து வீட்டில் வசித்த குழந்தை மருத்துவர் எமிலி பேக்கன் ஒருநாள் சிறுமி மேரியை மருத்துவமனைக்குக் கூட்டிச்சென்று ஒரு குறைமாதக் குழந்தையைக் காட்டினார். மருத்துவராகும் ஆசை பேக்கனைப் பார்த்து வந்ததுதான். வீட்டன் கல்லூரியில் வேதியியல் முடித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1952-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பெற்ற கையோடு காசநோய் தாக்கியது. படுக்கையில் கழிந்த அந்த மாதங்களில் நுரையீரல் மீது பிறந்த ஆர்வம் கடைசிவரை குறையவில்லை.

அன்று குறைமாதக் குழந்தைகளை அதிகம் பலிகொண்ட நோய்க்கு 'ஹயலின் மெம்பிரேன் நோய்' என்று பெயர். குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளே இழுக்கும். மூச்சை விடும்போது முனகும். உதடு நீலம் பாரிக்கும். இறந்தபின் நுரையீரலை அறுத்துப் பார்த்தால் காற்று நுண்ணறைகளில் கண்ணாடி போன்ற சவ்வு படிந்திருக்கும். இந்தச் சவ்வே மூச்சை அடைக்கிறது என்று கருதி, அது எங்கிருந்து வருகிறது என்று மருத்துவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஏவரியின் கண் வேறோர் இடத்தில் நின்றது. வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இருந்தது. இந்த நோயால் இறந்த குழந்தைகளிடம் அது இல்லை. 1957-இல் பாஸ்டனுக்கு வந்து, ஹார்வர்டில் ஜியர் மீட் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்திருந்த சமயம் அது. நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அதன் பரப்பு இழுவிசை அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். அந்த விசையைத் தணிக்கும் பொருள் நுரையீரலிலேயே சுரக்கிறது என்பதை ஜான் கிளமென்ட்ஸ் அப்போதுதான் காட்டியிருந்தார். சர்ஃபாக்டன்ட் என்பது அதன் பெயர்.

ஏவரி மேரிலாந்துக்குப் போய் கிளமென்ட்ஸின் கருவியைப் பார்த்து வந்தார். கருவி எளிமையானது: ஆழமில்லாத ஒரு தொட்டி, அதில் நுரையீரல் சாறு கலந்த உப்புநீர், நீர்ப்பரப்பைச் சுருக்கியும் விரித்தும் நகரும் ஒரு தடுப்பு, இழுவிசையை அளக்க நீரில் தொங்கும் பிளாட்டினத் தகடு. ஆரோக்கியமான நுரையீரலின் சாற்றில் பரப்பைச் சுருக்கச் சுருக்க இழுவிசை வெகுவாக இறங்கியது. இந்த நோயால் இறந்த குழந்தைகளின் சாற்றிலும், மிகச் சிறிய குறைமாதக் குழந்தைகளின் சாற்றிலும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. சவ்வு நோயின் விளைவுதான். காரணம், நுரையீரல் முதிராததால் சர்ஃபாக்டன்ட் போதாமல் போனது. இருந்ததை விட்டுவிட்டு இல்லாததைத் தேடியதில்தான் ஏவரியின் மேதைமை இருக்கிறது.

காரணம் தெரிந்த உடனே மருந்து வந்துவிடவில்லை. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பாட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். எடை சுமார் 2.1 கிலோ. இன்று அந்த எடையில் பிறக்கும் குழந்தைக்கு இந்த நோய் வந்தாலும், உரிய வசதி இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று மருத்துவர்கள் உறுதியாக நம்புவார்கள். மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்தி 10 குழந்தைகளிடம் நல்ல பலன் கண்டதை ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா 1980-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் செயற்கை சர்ஃபாக்டன்டுக்கு அனுமதி கிடைத்தது 1990-இல்.

பிறக்கும் முன்பே நுரையீரலை முதிரவைக்கும் வழியிலும் ஏவரிக்குப் பங்குண்டு. ஸ்டீராய்டு தந்தால் ஆட்டுக்கருவின் நுரையீரல் விரைந்து முதிர்வதை நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ் 1969-இல் கவனித்திருந்தார். ஏவரியின் குழு அடுத்த ஆண்டே அதைச் சோதித்து உறுதிசெய்தது. குறைப்பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை காப்பாற்றப்படுகிறது என்பதை லிகின்ஸும் ராஸ் ஹவியும் 1972-இல் நிறுவினார்கள். விலை மலிவான இந்த ஊசி அமெரிக்காவில் பரவலாகப் பரிந்துரைக்கப்பட 1994 வரை ஆனது. அத்தனை ஆண்டுத் தயக்கத்துக்கு விலை கொடுத்தவை குழந்தைகள்.

ஏவரி 1969-இல் மாண்ட்ரியலுக்குச் சென்று மெக்கில் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1974-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. 1991-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். 2011 டிசம்பர் 4 அன்று காலமானார்.

பச்சிளம் குழந்தைகளின் நுரையீரல் நோய்கள் பற்றி 1964-இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படைப் பாடநூலானது. நுரையீரலில் தேங்கும் நீர் வடியத் தாமதமாவதால் சில குழந்தைகளுக்கு வரும் தற்காலிக மூச்சிரைப்பை 1966-இல் தனியாக இனங்கண்டு விவரித்தவரும் அவர்தான். 1987-இல் எட்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் தன் துறையின் சிகிச்சை முறையையே கேள்விக்கு உட்படுத்தினார். அந்த எட்டில் நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது நியூயார்க்கின் கொலம்பியா மருத்துவமனையில். அங்கே குழந்தைகளை அவசரப்பட்டு வெண்டிலேட்டரில் போடாமல், மூக்கு வழியே மென்மையான அழுத்தத்தில் காற்று கொடுத்துத் தானாகவே மூச்சுவிட வைத்தார்கள்.