வடசென்னைக் கால்பந்து: வேலை, ஒப்பந்தம், உரிமை

கொடுங்கையூர், சென்னை மாநகரின் வடபகுதியில் அமைந்த உழைக்கும் மக்களின் குடியிருப்புப் பகுதியாகும். இதனை அடுத்துள்ள வியாசர்பாடி, கால்பந்து ஆர்வத்தின் காரணமாகக் ‘குட்டி பிரேசில்’ என்று அழைக்கப்படுகிறது. இவ்வட்டாரத்துக் கால்பந்து ரசிகர்கள் கூடுமிடங்களில் மூன்று கேள்விகள் ஓயாமல் விவாதிக்கப்படுகின்றன. அடுத்த பருவத்தில் எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்குப் போவார்? பழைய ஆட்டக்காரர்களில் சிறந்தவர் யார்? அணி உண்மையில் யாருக்குச் சொந்தம்? இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இவ்வட்டாரக் கால்பந்தின் வரலாறு காட்டுகிறது.

அலுவலக அணிகளின் காலம்

சென்னைக் கால்பந்துச் சங்கம் 1934-இல் தொடங்கப்பட்டது. அச்சங்கம் நடத்திய லீக் போட்டிகளில் நெடுங்காலம் முன்னின்றவை அலுவலகங்களின் அணிகளே. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), தென்னக ரயில்வே, சென்னைத் துறைமுகம், சுங்கத்துறை, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதலியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

அக்காலத்தில் ஓர் அணியில் சேர்வது என்றால் வேலையில் சேர்வது என்றே பொருள். விளையாட்டு ஒதுக்கீட்டில் பணி கிடைத்தவர் காலையில் பயிற்சி செய்தார். பருவம் முடிந்ததும் அலுவலக மேசைக்குத் திரும்பினார். கால் முறிந்தாலும் சம்பளம் நிற்கவில்லை. ஆடுவதை விட்ட பின்னும் ஓய்வுபெறும் வயது வரை வேலை இருந்தது. கூலி வேலையை நம்பிய குடும்பங்களுக்கு ஒரு பையனின் பந்தாட்டம் மாதச் சம்பளத்துக்கு வழியானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறு அணிக்கு மாற விரும்புகிறவர் வேலையையே துறக்க வேண்டியிருந்தது. ஆகவே திறமை மிக்க பலர் கடைசிவரை ஒரே அணியில் ஆடினர்.

அமெரிக்க பேஸ்பாலில் இதே கட்டுப்பாடு வேறு வடிவில் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய அணிக்கே உரியவர் என்பது அங்கு விதி. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை கர்ட் ஃபிளட் ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் 1975-இல் வேறு இரு ஆட்டக்காரர்களின் வழக்கில் நடுவர் அளித்த தீர்ப்பால் அவ்விதி தளர்ந்தது. அங்கு ஆட்டக்காரரைக் கட்டியது விதி. இங்கு கட்டியது வேலை.

மறக்கப்பட்டவர்கள்

சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற விவாதத்தில் முதலில் வர வேண்டிய பெயர் பீட்டர் தங்கராஜ். வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றபோது கோல் காத்தவர் இவரே. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியில் இருந்தார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் ஆடினார். ரோம் சென்ற அணியில் இடம்பெற்ற மற்றொரு தமிழர் சைமன் சுந்தர்ராஜ். பின்னாளில் ராமன் விஜயன், கொச்சி அணிக்காக ஆடி 1997–98 தேசிய லீக்கில் மிகுதியான கோல்களை அடித்தார்.

இவர்கள் பெயராவது ஏடுகளில் உள்ளது. சென்னை லீக்கில் ஆண்டுக்கணக்கில் ஆடிய அலுவலக ஆட்டக்காரர்கள் பலருக்கு அதுவும் இல்லை. அப்போட்டிகள் பெரும்பாலும் தொலைக்காட்சியில் வரவில்லை. ‘எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார்’ என்று முதியவர் ஒருவர் தொடங்கினால், அதற்குச் சான்று அவர் நினைவு மட்டுமே.

உரிமையாளர்கள் மாறிய காலம்

இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கில் ஆடியது. 2007-இல் ஐ-லீக் தொடங்கியபின் தொழில்முறைக் கழகங்களுக்கே முதலிடம் கிடைத்தது; அலுவலக அணிகள் படிப்படியாக உள்ளூர்ப் போட்டிகளுக்குள் ஒதுங்கின. இதற்கு முன்பே, 1996-இல் பெரம்பூர் பின்னி ஆலை மூடப்பட்டிருந்தது. ஆலை வேலை என்னும் வழியும் வடசென்னை இளைஞர்களுக்குக் குறுகியது.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. உருவானது. அபிஷேக் பச்சன், வீட்டா டானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் அதன் உரிமையாளர்கள். இவ்வணி 2015-லும் 2017–18-லும் வாகை சூடியது. மற்றொரு அணியான சென்னை சிட்டி, கோயம்புத்தூரைத் தாய்மைதானமாகக் கொண்டு 2018–19 ஐ-லீக் கோப்பையை வென்றது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் கூடுதல். ஆனால் கோப்பையை வென்றும் இந்தியன் சூப்பர் லீக்கில் அதற்கு இடம் தரப்படவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. ஆயினும் 2020–21 பருவத்துக்குப் பின் அவ்வணி ஐ-லீக்கில் ஆடவில்லை.

2025 ஆகஸ்டில், லீக்கின் எதிர்காலம் தெளிவில்லாததால், சென்னையின் எஃப்.சி. தன் முதல்நிலை அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. பல ஆயிரம் பேர் ‘எங்கள் அணி’ என்று சொன்ன ஒன்று, ஓர் அறிவிப்பில் நின்றுபோகக்கூடியது என்பதை ரசிகர்கள் அன்று கண்டனர்.

இன்றைய நிலை

ஒப்பந்த முறை ஆட்டக்காரருக்கு மாறும் உரிமையைத் தந்துள்ளது. சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர் சென்னை சிட்டி, டெல்லி, ஒடிசா அணிகளில் ஆடி 2023-இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அவ்வாண்டு டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல் அணிக்கு வெற்றி தந்தது. அலுவலக அணியில் கட்டுண்டிருந்தால் இப்பயணம் அவருக்கு வாய்த்திருக்காது.

ஆனால் ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கே. காயம்பட்டவருக்கும் இடம் கிடைக்காதவருக்கும் முன்பிருந்த மேசை இன்று இல்லை. வியாசர்பாடியில் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குப் பந்துப் பயிற்சியோடு மாலைநேரப் பாடமும் சொல்லித் தருவது இதனால்தான் முக்கியமாகிறது. ஆட்டம் கைவிட்டாலும் படிப்பு கைகொடுக்கும் என்பதே அதன் அடிப்படை.

ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. இந்தியாவில் அத்தகைய விதி இல்லை. அலுவலகம், திரைநட்சத்திரம், வெளிநாட்டுக் கழகம் என உரிமையாளர்கள் மாறினர். வடசென்னையில் மாறாதவர்கள் பார்வையாளர்களும் பந்தாடும் பிள்ளைகளுமே. அணி யாருக்குச் சொந்தம் என்று அவர்கள் கேட்பதற்குக் காரணம், அது மூடப்பட்டால் முதலில் இழப்பவர்கள் அவர்களே.