ஆடிக் காற்றும் வாடகை சைக்கிளும்



விடுமுறை நாட்களில் நம் கம்பம் பள்ளத்தாக்கில் கியர் சைக்கிள்காரர்கள் தென்படுகிறார்கள். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகள்தான் அவர்களுக்கு இலக்கு. ஏறட்டும். நம்முடைய சைக்கிள் வரலாறு கீழே, வயலோரச் சமதளத்தில் இருக்கிறது.

1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. ஆனாலும் சொந்த சைக்கிள் என்பது நம் பக்கத்தில் வெகுகாலம் வசதியானவர் வீட்டுப் பொருள்தான். மற்றவர்களுக்கு மணிக்கணக்கு வாடகை, குரங்கு பெடல், இரவில் டைனமோ எரியாவிட்டால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவாரோ என்ற பயம்.

ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரர் கோயிலுக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிளில்தான் வருவார்கள். சுரபி நதியில் குளியல், பிறகு தரிசனம். ஆனி, ஆடியில் மேற்கு மலை இடைவெளி வழியாக இறங்கும் காற்று பள்ளத்தாக்கு நெடுக வீசும். தேனிக்குப் போகும்போது மிதிக்கவே வேண்டாம். திரும்பும்போது தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். கடன் வாங்கியவன் நிலைமை என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். கால் பலமுள்ள இளவட்டங்கள் சுருளி அருவி, லோயர் கேம்ப் வரை போய்வந்தார்கள்.

இந்த உலாக்களில் பெண்பிள்ளைகள் கிடையாது. பத்தாம் வகுப்போடு பலர் நின்றதற்குக் காரணம் மதிப்பெண் அல்ல. மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்தது, பஸ் நேரத்துக்கு வராது.

1991-இல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மேல்நிலை மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் தந்தது; 2005-06-இல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் பெரியாற்றுப் பாலம் வரை சைக்கிளில் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். படிப்புக்குப் போனதைப் பொறுத்த ஊர், இதைப் பொறுக்கவில்லை. இரண்டு வீட்டில் சைக்கிளைப் பூட்டினார்கள். நான் போய்ப் பேசினேன். ஒரு வீட்டில் சாவி கிடைத்தது, இன்னொரு வீட்டில் காபி மட்டும் கிடைத்தது.

இப்போது பூட்டு வேறு. கார்த்திகை பிறந்தால் குமுளி நெடுஞ்சாலையில் சபரிமலை வாகனங்கள் ஓயாது. பிள்ளையை அந்தச் சாலையில் அனுப்பப் பெற்றோர் அஞ்சுவதைக் குறை சொல்ல முடியாது. சாலையை அகலப்படுத்துகிறவர்கள் ஓரத்தில் சைக்கிளுக்கு நான்கடி ஒதுக்கலாம்.

அந்த ஐவரில் மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள். அன்று எந்த வழியாகப் போனீர்கள் என்று எழுதுங்கள் அம்மா, குறித்து வைக்க வேண்டும்.