காய்ச்சலும் காலக்கணக்கும்

லாலான் புல் மண்டிய நிலத்தையும் செம்பனைத் தோட்டத்தையும் திருத்தியோரை முன்னாளில் வாட்டிய நோய்களுள் ஒன்று புதர்க்காய்ச்சல். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது அது. தக்க மருந்தில்லாத காலத்தில் சுரம் இரண்டு வாரமும் நீடிக்கும், உயிரிழந்தோரும் உண்டு.

1900-இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜோசப் ஸ்மாடல் தலைமையில் வந்த அமெரிக்கக் குழுவினரும் 1948-இல் குளோரம்பெனிக்கால் என்னும் புதுமருந்தை 25 நோயாளிகளுக்கு அளித்தனர். சராசரி 31 மணி நேரத்தில் சுரம் தணிந்தது.

வியப்பு அத்துடன் நிற்கவில்லை. நோய் மலிந்த இடத்தில் தாமே முன்வந்து தங்கிய தொண்டர்களுக்கு நாள்தோறும் மருந்து கொடுத்தனர். காய்ச்சல் வரவில்லை, ஆனால், மருந்தை நிறுத்திய சில நாளில் பலருக்கு வந்தது! காரணம் யாது? அம்மருந்து கிருமியைக் கொல்லவில்லை, அடக்கியே வைத்தது. கிருமியை ஒழிப்பது உடலின் எதிர்ப்பாற்றல். அது முதிர நாள் வேண்டும். ஆதலின், இடைவெளி விட்டுச் சில வாரம் தொடர்ந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தனர்.

இன்று இந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்படுவது டாக்சிசைக்கிளின். மருந்து மாறினும் பாடம் மாறவில்லை. எவ்வளவு என்பதைப் போலவே எப்பொழுது, எத்தனை நாள் என்பனவும் மருத்துவமே. சுரம் விட்டதும் மிச்ச மாத்திரையை மூலையில் எறிவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.