வேலந்தாவளம் செக்போஸ்டும் 403உம்

எங்க அப்புச்சி தேங்காய் வியாபாரி. சித்தூர் பக்கத்துத் தோப்புகளில் காய் எடுத்து, லாரி பிடித்து, வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூருக்கு அனுப்புவார். பள்ளிக்கூட லீவில் நானும் லாரியில் தொற்றிக்கொள்வேன். செக்போஸ்ட் வந்ததும் டிரைவர் அண்ணன் இரண்டு கட்டுக் காகிதத்தோடு இறங்குவார். ஒன்றில் லைசென்சும் ஆர்சி புக்கும். இன்னொன்றில் சரக்கு பில். ஆள் யார், வண்டி யாருடையது என்பதற்கு முதல் கட்டு. இந்தச் சரக்கு இந்த வழியாகப் போகலாமா என்பதற்கு இரண்டாவது. தெரிந்த முகம்தானே என்று ஒரே கட்டோடு போனால் வேலைக்காகாது.

இப்போது டல்லாஸில் உட்கார்ந்து நான் பொட்டி தட்டுவதும் இதே வேலைதான். ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் இணையம் வழியாகத் தகவல் கேட்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். அந்த வாசலில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: நீ யார்? உனக்கு இங்கே என்ன செய்ய அனுமதி? பாஸ்போர்ட்டும் விசாவும் போல என்றால் நம்ம மக்களுக்குச் சட்டென்று புரியும். எச்-4இல் வந்த எத்தனை வீட்டுக்காரம்மாக்கள் பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்? அடையாளத்தில் ஒரு குறையும் இல்லை. வேலை செய்ய அனுமதிதான் இல்லை. அதிலும் ஒரு பகுதியினருக்கு மட்டும் 2015 மே மாதம்தான் கதவு திறந்தது.

எங்க ஊருக்கு எல்லை புதுசு இல்லை. சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. ஆனால் கொச்சியோடு ஒட்டாமல், வெள்ளைக்காரன் ஆண்ட மலபாருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே தனித் துண்டாகக் கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956இல் கேரளம், 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம். ஊர் நகரவில்லை, கேட்கப்படும் காகிதம்தான் மாறிக்கொண்டே வந்தது.

கம்ப்யூட்டர் உலகம் முதல் கேள்வியோடுதான் ஆரம்பித்தது. 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள, ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். 1962இல் ஆலன் ஷெர் என்ற மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. பாஸ்வேர்டு கோப்பையே அச்சடித்துத் தரும்படி ஒரு துளை அட்டை போட்டார், இயந்திரமும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்தது! இந்தக் கோப்பைக் கேட்க இவருக்கு உரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. முதல் பாஸ்வேர்டு திருட்டு என்று இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ இது இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்த கதையாகத்தான் படுகிறது.

அப்புறம் 2006-07 காலம். ஞாபகம் இருக்கிறதா? நண்பர்களைத் தேடித் தருகிறேன் என்று கண்ட தளமெல்லாம் நம் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கும், நாமும் வெள்ளந்தியாகக் கொடுப்போம். ஒரு லோடு அனுப்ப வீட்டுச் சாவிக் கொத்தையே டிரைவரிடம் கொடுப்பது போல. இதற்கு மாற்றாகத்தான் 2007 டிசம்பரில் ஓஆத் வந்தது. சாவி கிடையாது, சீட்டு மட்டும். 2012 அக்டோபரில் வந்த இரண்டாம் பதிப்பில், இந்தச் சீட்டால் இன்னின்னது மட்டும் செய்யலாம், இவ்வளவு நேரம்தான் செல்லும் என்று வரையறுப்பது முறைப்படி சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. எச்டிடிபியில் 401 என்ற பதிலின் ஆங்கிலப் பெயருக்கு 'அனுமதி இல்லாதவர்' என்று பொருள். உண்மையில் அது சொல்வது 'நீ யாரென்று தெரியவில்லை' என்பதை. ஆள் தெரியும், அனுமதிதான் இல்லை என்றால் அதற்கு 403. பெயர் வைத்தவர்களே குழம்பியிருக்கிறார்கள், நாம் எம்மாத்திரம் :-)

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் எங்க எல்லையில் விற்பனை வரிச் சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. அதற்கும் ஓர் ஏபிஐ உண்டு. மென்பொருளுக்குத் தனி அடையாளம், வியாபாரிக்குத் தனி அடையாளம். இரண்டும் சரியாக இருந்தால் ஆறு மணி நேரம் செல்லும் டோக்கன் கிடைக்கும். அழகு அதற்குப் பிறகுதான். ஒரே பில், மூன்று பேர், மூன்று உரிமை. உருவாக்கியவர் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். எதிர்த்தரப்பு 72 மணி நேரத்துக்குள் மறுக்கலாம். லாரிக்காரர் வண்டி எண்ணை மாற்றலாம். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் உருவாக்கியவராலும் ரத்து செய்ய முடியாது. அப்புச்சி இருந்திருந்தால் என்னைவிட வேகமாக இதைப் பிடித்திருப்பார்.

நான் பிடிக்காத கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் சம்பளச் சீட்டு ஏபிஐ எழுதினேன். லாகின் பிரமாதம்: பாஸ்வேர்டுகளை உப்புச் சேர்த்து ஹேஷ் செய்தேன், டோக்கன் பதினைந்து நிமிடத்தில் காலாவதி. ஆனால் முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணை ஒன்று கூட்டினால் பக்கத்து சீட்டுக்காரர் சம்பளம் வந்து நின்றது. டோக்கன் செல்லுமா என்று பார்த்தேனே தவிர, இந்தச் சீட்டு இவருடையதா என்று பார்க்கவில்லை. சோதனை செய்த பெண் முதலில் பார்த்தது என் சம்பளத்தை. 2019இல் ஓவாஸ்ப் வெளியிட்ட ஏபிஐ ஓட்டைகள் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான், 2023 பட்டியலிலும் அதேதான். ஆக, லாகினை நாமே எழுதாமல் நல்ல நூலகத்தை எடுத்துக்கொள்ளலாம். யாருடைய பொருள் என்ற கேள்வியை மட்டும் ஒவ்வொரு கோரிக்கையிலும், சர்வர் பக்கத்தில், நாமே எழுதித்தான் ஆக வேண்டும்.

2020 மே மாதம் வாளையாரைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஊரடங்கில் வெளி மாநிலங்களிலிருந்து திரும்பியவர்கள் இணையத்தில் பாஸ் எடுத்துத்தான் கேரளத்துக்குள் வர வேண்டும். கையில் கேரள முகவரி போட்ட ஆதார் இருந்தும் பாஸ் இல்லாதவர்கள் வெயிலில் நின்றார்கள். மே 10, ஞாயிற்றுக்கிழமை, கேரள உயர் நீதிமன்றம் சிறப்பாகக் கூடி, எல்லையில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்குப் பாஸ் கொடுக்கச் சொன்னது. இனி வருபவர்கள் பாஸோடுதான் வர வேண்டும் என்றும் சொன்னது.

அன்றைக்கு அம்மா சித்தூரிலிருந்து போன் செய்தார். "ஏம்ப்பா, நம்ம ஊர்க்காரங்கன்னு கார்டுலயே போட்டிருக்குதல்ல, அப்புறம் எதுக்கு நிறுத்தறாங்க?"

அது 401 இல்லைம்மா, 403 என்று விளக்க ஆரம்பித்தேன். நோய்த்தொற்று, வருபவர்களின் கணக்கு, தனிமைப்படுத்த இடம் என்று நியாயமான காரணமெல்லாம் சொன்னேன். அம்மா முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாஞ் சரிப்பா. கொழந்தையத் தூக்கீட்டு நிக்கறாங்கல்ல, அவிங்களுக்கு யாரு தண்ணி குடுப்பாங்க?"

என் ஏபிஐயில் அதற்குப் பதில் எண் இல்லை.