ஸ்லாப் செரிஃப் எழுத்துருக்கள்: தோற்றமும் வளர்ச்சியும்

முன்னுரை

அச்சு வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவும் அச்சகங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நூலைத் தாங்கி நிற்கும் எழுத்தின் வடிவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. உரோமானிய எழுத்துருக்களுள் ஸ்லாப் செரிஃப் எனப்படும் வகை, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வடிவமைப்பாளர்களால் விரும்பி ஆளப்பட்டு வருகின்றது. அவ்விருப்பத்திற்குரிய காரணத்தை அதன் வரலாற்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடிவமும் வரையறையும்

உரோமானிய எழுத்துகளின் கோடுகள் முடியுமிடத்தில் குறுக்காக அமையும் சிறு கோடு செரிஃப் எனப்படும். அதனை முனைக்கோடு எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் டிடோ குடும்பத்தாரும், இத்தாலியின் பார்மா நகரில் பொடோனியும் உருவாக்கிய எழுத்துகளில் இம்முனைக்கோடு மயிரிழை போல் மெலிந்திருந்தது. நிலைக்கோடுகள் தடித்தும் கிடைக்கோடுகள் மெலிந்தும் நின்றன. வழவழப்பான தாளில், தேர்ந்த அச்சாளர் கையில் அவை அழகாகப் பதிந்தன. தாள் முரடானால் மெல்லிய கோடுகள் பதியாமல் போயின; எழுத்தைப் பலமுறை பயன்படுத்தினால் அவை ஒடிந்தன.

ஸ்லாப் செரிஃப் இதற்கு நேர்மாறானது. இதன் முனைக்கோடு பலகை போல் தடித்துச் சதுரமாக முடியும். நிலைக்கோட்டிற்கும் கிடைக்கோட்டிற்கும் தடிப்பில் வேறுபாடு மிகக் குறைவு. எழுத்தின் எந்தப் பகுதியும் நலிந்து நிற்பதில்லை. இவ்வகையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பண்பைச் சுற்றியே அமைகின்றது.

தோற்றம்: சுவரொட்டிகளின் தேவை

இங்கிலாந்தில் தொழிற்புரட்சி விரைவுற்ற காலத்தில் விளம்பரம் என்னும் புதிய தேவை எழுந்தது. பரிசுச்சீட்டு, நாடகம், ஏலம் ஆகியவற்றின் அறிவிப்புகள் சுவரில் ஒட்டப்பட்டன. வழிப்போக்கர் தொலைவிலிருந்தே அவற்றைப் படிக்க வேண்டியிருந்தது. நூலுக்கென வெட்டிய எழுத்தைப் பெரிதாக்கியதால் மட்டும் இத்தேவை நிறைவேறவில்லை. இலண்டனைச் சேர்ந்த எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ், 1815-1817 காலத்துத் தம் எழுத்து மாதிரி நூலில் தடித்த முனைக்கோடுடைய எழுத்தை வெளியிட்டார். அச்சில் ஸ்லாப் செரிஃப் வகையின் முதற்சான்றாக இது கருதப்படுகின்றது. அவர் இதற்கு இட்ட பெயர் 'ஆன்டிக்' என்பதாகும்.

அமெரிக்காவில் இவ்வகை மேலும் பரவியது. 1827இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் பெருமளவில் செய்யத் தொடங்கினார். பெரிய அளவிலான ஈய எழுத்து எடை மிகுந்தது, விலையும் மிகுந்தது. மர எழுத்து இலேசானது. ஆனால் மரத்தில் மெல்லிய முனைக்கோடு எளிதில் சிதையும். தடித்த முனைக்கோடு நிலைக்கும். எனவே செய்பொருளும் வடிவமும் ஒன்றுக்கொன்று இயைந்தன.

'எகிப்தியன்' என்னும் பெயர்

இவ்வகைக்கு 'எகிப்தியன்' என்ற பெயரும் வழங்குகின்றது. எகிப்தியக் கட்டடங்களின் கனத்த அமைப்பை இவ்வெழுத்து ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது எனச் சிலர் விளக்குவர். காலவரிசை இவ்விளக்கத்திற்கு இடந்தரவில்லை. 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன், முனைக்கோடே இல்லாத எழுத்தொன்றை அச்சு எழுத்தாக வெளியிட்டபோது அதற்குத்தான் 'எகிப்தியன்' என்று பெயரிட்டார். ராபர்ட் தார்ன் என்னும் வார்ப்பாளர் தம் தடித்த முனைக்கோட்டு எழுத்துக்கும் அதே பெயரைச் சூட்டியிருந்தார். அவர் 1820இல் மறைந்தார். பரிசுச்சீட்டில் கிடைத்த பணத்தைக் கொண்டு அவருடைய வார்ப்பகத்தை விலைக்கு வாங்கிய வில்லியம் தாரோகுட் 1821இல் அவ்வெழுத்தை வெளியிட்டார்.

முனைக்கோடு உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே பெயர் வழங்கியமையால், அப்பெயர் வடிவத்தைச் சுட்டியதன்று எனத் துணியலாம். 1798இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பு, 1799இல் ரொசெட்டாக் கல்லின் கண்டுபிடிப்பு, 1802இல் அக்கல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தமை ஆகியவற்றால் எகிப்தின் மீது ஐரோப்பியர் கொண்ட மோகம் பெருகியிருந்தது. அம்மோகத்தை ஒட்டி எழுந்த வணிகப் பெயராகவே இதனைக் கொள்வது பொருந்தும். 1922இல் துத்தன்காமன் கல்லறை கண்டறியப்பட்ட பின்னர் வெளிவந்த எழுத்துருக்கள் மெம்பிஸ், கெய்ரோ, கர்னாக் எனப் பெயர் பெற்றமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கிளாரண்டன்: நூலுக்குள் நுழைவு

சுவரில் நின்ற எழுத்து நூலின் பக்கத்திற்குள் நுழைந்தது 1845இல் ஆகும். தாரோகுட்டின் கூட்டாளியான ராபர்ட் பெஸ்லி, பெஞ்சமின் ஃபாக்ஸ் வெட்டிய 'கிளாரண்டன்' என்னும் எழுத்தை வெளியிட்டார். இதில் முனைக்கோடு நிலைக்கோட்டுடன் சிறு வளைவால் இணைந்தது. தடிப்பும் ஓரளவு தணிந்தது. சாதாரண எழுத்துகளுக்கு இடையே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்ட இது பெரிதும் பயன்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தலைச்சொற்கள் கிளாரண்டன் எழுத்தில் அமைந்தன. இன்று அகராதிகளில் தலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் காணும் பழக்கத்திற்குப் பின்னால் இந்த மாற்றம் உள்ளது.

கிளாரண்டன் எழுப்பிய மற்றொரு சிக்கலும் குறிப்பிடத்தக்கது. 1842ஆம் ஆண்டின் வடிவமைப்பு உரிமைச் சட்டத்தின்கீழ் பெஸ்லி இவ்வெழுத்தைப் பதிவு செய்தார். சட்டம் அளித்த பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அக்காலம் முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் தத்தம் கிளாரண்டன்களை வெளியிட்டன. உழைத்தவர் இழந்த உரிமையால் அவ்வடிவம் உலகெங்கும் பரவியது. 'கிளாரண்டன்' என்பது ஓர் எழுத்தின் பெயராக இராமல் ஒரு வகையின் பெயராகவே மாறியது.

செய்தித்தாளும் தட்டச்சும்

விரைவாக ஓடும் சுழல் அச்சுப் பொறிகளில் செய்தித்தாள்கள் அச்சான காலத்தில், கோத்த பக்கத்திலிருந்து காகிதக்கூழ் அச்சு எடுத்து, அதில் உலோகம் வார்த்துத் தகடு செய்தனர். இம்முறையில் மெல்லிய கோடுகள் தேய்ந்தன. மலிந்த தாளில் மை பரவி எழுத்தின் உள்வெளிகள் அடைபட்டன. இதற்குத் தீர்வாக லினோடைப் நிறுவனத்தின் சான்சி கிரிஃபித் 1925இல் 'அயோனிக் எண் 5' என்னும் எழுத்தை வெளியிட்டார். கிளாரண்டன் மரபில் வந்த இதன் தடித்த முனைக்கோடும் திறந்த உள்வெளியும் மோசமான அச்சையும் தாங்கின.

தட்டச்சுப் பொறியில் சிக்கல் வேறு வகையினது. அங்கு 'ஐ' என்னும் ஒடுங்கிய எழுத்துக்கும் 'எம்' என்னும் அகன்ற எழுத்துக்கும் ஒரே அகலந்தான். ஒடுங்கிய எழுத்தின் இருபுறமும் நீண்ட முனைக்கோடு அமைத்தால்தான் வெற்றிடம் நிரம்பும். 1950களின் நடுப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்திற்காக ஹோவர்ட் கெட்லர் வடிவமைத்த 'கூரியர்' இவ்வாறு அமைந்ததாகும். அந்நிறுவனம் இதற்குத் தனியுரிமை கொள்ளாமையால் கூரியர் எங்கும் பரவியது. அமெரிக்க வெளியுறவுத் துறை 2004 வரை தன் ஆவணங்களில் கூரியர் குடும்ப எழுத்தையே ஆண்டது. ஆலிவுட் திரைக்கதைப் படிகளிலும் அதுவே மரபாயிற்று.

மாறான சான்று

இவ்வகையின் எல்லா எழுத்துகளும் தேவையால் பிறந்தவை அல்ல. 1927இல் வெளிவந்த பால் ரென்னரின் 'ஃபியூச்சுரா', வட்டமும் நேர்கோடும் கொண்ட எழுத்தை நாகரிகமாக்கியது. அவ்வடிவிற்கு முனைக்கோடு சேர்த்தது போல் ருடால்ஃப் வுல்ஃபின் மெம்பிஸ் 1929இலும், மோனோடைப் நிறுவனத்தின் ராக்வெல் 1934இலும் வெளிவந்தன. கேயோர்க் ட்ரம்ப் 1930இல் வடிவமைத்த 'சிட்டி' என்னும் எழுத்தை அடியொற்றியே பால் ராண்ட் 1956இல் ஐ.பி.எம். சின்னத்தை வரைந்தார். 1977இல் மில்டன் கிளேசர் உருவாக்கிய நியூயார்க் சின்னத்தில் 'அமெரிக்கன் டைப்ரைட்டர்' எழுத்து இடம்பெற்றது.

இவை பார்த்த அளவில் மனத்தில் நிற்பவை. எனினும் நீண்ட உரைக்கு இவ்வடிவியல் எழுத்துகள் மிகுதியாக ஆளப்படவில்லை. மோகத்தால் பிறந்த எழுத்து தலைப்பிலும் சின்னத்திலும் தங்கியது. தேவையால் பிறந்த எழுத்து உரைக்குள் வாழ்ந்தது. இவ்வேறுபாடு மேற்கூறிய கருத்தை மறுக்கவில்லை; அதன் எல்லையை வரையறுக்கின்றது.

கணினிக் காலம்

கணினி வந்தபின் பழைய சிக்கல் புதிய வடிவில் மீண்டது. தொடக்கக் கால அச்சுப்பொறிகளும் திரைகளும் நுண்கோடுகளைத் தெளிவாகக் காட்டவில்லை. மேத்யூ கார்ட்டர் 1987இல் வெளியிட்ட 'சார்ட்டர்', குறைந்த தெளிவுடைய பொறிகளைக் கருதி வடிவமைக்கப்பட்டது. அதன் முனைக்கோடுகள் சதுரமாக வெட்டப்பட்டவை. வளைவுகள் குறைந்தமையால் அது கணினியின் நினைவகத்தில் கொண்ட இடமும் குறைந்தது. 1990இல் பீட்டர் மத்தியாஸ் நோர்ட்சைய் வெளியிட்ட 'செசிலியா', கையெழுத்தின் நெகிழ்வைத் தடித்த முனைக்கோட்டுடன் இணைத்தது. 2007இல் அமேசான் நிறுவனம் தன் 'கிண்டில்' மின்படிப்பானை வெளியிட்டபோது, சாம்பல் நிறத் திரையில் படிப்பதற்கு இவ்வெழுத்தையே தேர்ந்தது. சுவரில் உரக்கக் கூவுவதற்கெனப் பிறந்த வகை, இவ்வாறு தனித்திருந்து நாவல் படிப்போர் கையில் அமைதியாக வந்தமர்ந்தது.

முடிவுரை

முரட்டுத் தாள், மர எழுத்து, தேய்ந்த தகடு, தட்டச்சுப் பொறி, மங்கிய திரை என எழுத்தைத் தாங்கும் தளம் குறையுடையதாய் இருந்தபோதெல்லாம் ஸ்லாப் செரிஃப் நாடப்பட்டமையை மேற்கண்ட சான்றுகளால் அறிய முடிகின்றது. வடிவமைப்பாளர்களின் விருப்பத்தைச் சுவை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அது நெருக்கடியில் சோதிக்கப்பட்டு நின்ற நம்பிக்கையாகும். எழுத்தின் பெயரை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் எகிப்துக்குச் சென்று வழிதவற நேரும். தாளையும் மையையும் பொறியையும் உடன்வைத்து நோக்கும்போதே எழுத்து தன் வரலாற்றைத் தானே கூறும். எம்மொழியின் அச்சு வரலாற்றை ஆராய்வோர்க்கும் இந்நெறி பொருந்தும்.