மந்தாரக்குப்பத்து மண்ணில் மூன்று வனங்கள்

ஊர்ப்பெயர்களில் மரங்களை வாழவைத்த நாடு தமிழ்நாடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். தில்லை ஒரு மரம். கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்தில் வன்னி தலமரம். இம்மூன்று தலங்களுக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டில், நெய்வேலிச் சுரங்கத்தின் ஓரத்தில் அமைந்துள்ள மந்தாரக்குப்பம் என்ற பெயரிலும் மந்தாரம் ஒலிக்கிறது.

மந்தாரம் வானுலகத் தருக்கள் ஐந்தனுள் ஒன்றென நிகண்டுகள் கூறும். மண்ணுலகத்து மந்தாரையோ எளிய மரம். நடுவே பிளந்து இரு மடலாக விரியும் அதன் இலையைத் தைத்து உணவு படைப்பது தமிழர் வழக்கம். சோழர் சூடிய ஆத்தியும் மந்தாரையும் தாவரவியலில் ஒரே பேரினத்துச் செடிகள். மந்தாரக்குப்பம் அடங்கிய பேரூராட்சியின் பெயர் கங்கைகொண்டான். சோழ மன்னன் விருதை நினைவூட்டும் பெயர். விருதும் மலரும் ஒரே ஊரில் பெயரளவில் கூடியிருப்பது நயமானதே. ஆயினும் பெயர் நின்று மரம் மறையுமாயின் அந்நயம் நெடுநாள் நில்லாது.

இம்மண்ணின் வரலாற்றை ஆராய்வோர்க்கு மூன்று வனங்கள் புலனாகும். ஒன்று மண்ணுக்குள் புதைந்தது. ஒன்று தெய்வத்தின் பெயரால் எஞ்சியது. ஒன்று மனிதர் நட்டு வளர்ப்பது.

புதைந்த வனம்

1930களில் இப்பகுதியின் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. அதனைப் புறக்கணியாது அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றவர் அவர். 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டு ஆராய்ந்து, பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பதை உறுதிசெய்தது. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படலம் வெயிலைக் கண்டது.

வெயிலைக் கண்டது என்பது வெறும் அணியன்று. அக்கரி ஒரு காலத்தில் வெயிலை உண்டு வளர்ந்த காடு. கடலோரத்தை அடுத்த தாழ்நிலத்தில், மழை மிகுந்த வெப்பநாட்டுச் சதுப்பில் வளர்ந்த மரங்கள் சாய்ந்தன. அவற்றை நீர் மூடியது. காற்றுப் புகாத நீரில் மட்குதல் தடைப்பட்டது. ஒரு தலைமுறை மரங்களின் மேல் மறு தலைமுறை வீழ, அவற்றின் மேல் மணலும் களிமண்ணும் படிந்தன. அழுத்தமும் வெப்பமும் நெடுங்காலமும் கூடி மரத்தைக் கரியாக்கின. இன்று அதனைக் காண வேண்டுமாயின் ஏறத்தாழ ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை மேல்மண்ணை அகற்றியாக வேண்டும்.

அக்காட்டின் மரங்கள் இன்னவை என்று அறிவித்தவை மகரந்தத் தூள்கள். மலர் வாடும், மரம் கரியாகும், மகரந்தத்தின் புறத்தோடு மட்டும் கோடி ஆண்டு கடந்தும் சிதையாது. கரித்துண்டை வேதிப்பொருளால் கரைத்து எஞ்சும் தூளை நுண்பெருக்காடியில் வைத்தால், எந்தக் குடும்பத்துச் செடி அங்கே பூத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தென்னார்க்காட்டுக் கரியை இவ்வாறு ஆராய்ந்தோருள் சி. ஜி. கே. இராமானுஜம் குறிப்பிடத்தக்கவர், 1966இல் வெளிவந்த அவரது ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. பனைக்குடும்பத்தின் சுவடும், கடற்கழிக் காட்டு மரங்களின் சுவடும், பெரணிகளின் வித்துத்தூளும் இக்கரியில் காணப்பெற்றன. இலைமேல் படர்ந்து வாழும் நுண்பூஞ்சைகளும் கிடைத்தன. இத்தகைய பூஞ்சை ஈரம் வற்றாத காட்டிலேயே செழிக்கும். கோடையில் கானல் ஓடும் இம்மேட்டுநிலம் அன்று மழைக்காடாக இருந்ததற்கு இஃதொரு சான்று.

இதன் காலம் பற்றி அறிஞர் கருத்து ஒன்றன்று. மயோசீன் காலத்தது, அஃதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு இப்பாற்பட்டது என்றே நெடுநாள் கருதப்பட்டது. பின்வந்த மகரந்த ஆய்வுகள் சில, அதனை 3.4 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஈயோசீன் காலத்தில் வைத்தன. கரிக்கு மேலுள்ள கடலூர் மணற்கல் வடக்கே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் பரந்துள்ளது. அங்கே பெருமரங்கள் கரியாகாமல் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு காடு கரியாவதும் ஒரு காடு கல்லாவதும் அவை புதைந்த நீராலும் மண்ணாலும் அமைந்த விதியாகும்.

பாசி என்னும் சிறுவனம்

அயர்லாந்து, பின்லாந்து, உருசியா ஆகிய வடபுல நாடுகளில் சதுப்பை உருவாக்குவது பெரும்பாலும் ஸ்பாக்னம் என்னும் பாசி. தன் உலர்ந்த எடையைப் போல் இருபது மடங்கு வரை நீரைத் தேக்கவல்லது அது. அங்கெல்லாம் முற்றா நிலக்கரி பாசியின் கொடை. நெய்வேலிக் கரியோ மரங்களின் கொடை. நீலகிரி மேட்டுச் சதுப்புகளில் மூன்றாம் வகையைக் காணலாம். அங்கே புல்லும் கோரையும் படிந்து முற்றா நிலக்கரி ஆயின. அச்சதுப்பின் படிவுகளைக் கொண்டு இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தட்பவெப்ப மாற்றங்களை இரா. சுகுமார் முதலிய ஆய்வாளர் 1993இல் கணித்து வெளியிட்டனர். ஈரநிலம் எதையும் மறப்பதில்லை. தன்மேல் விழுந்தவற்றை அடுக்கி வைத்துக்கொள்கிறது.

பாசி என்ற சொல் தமிழில் அகன்ற பொருளுடையது. குளத்து நீரின் மேல் படர்வதும் பாசி. மழைக்காலச் சுவரில் பச்சைப் பட்டெனப் படிவதும் பாசி. தாவரவியலார் இவ்விரண்டையும் வேறு பிரிப்பர். முன்னது அல்கா, பின்னது சிறு தண்டும் இலையும் உடைய மாஸ் என்னும் செடி. அதற்கு உண்மையான வேர் இல்லை; நீரைக் கடத்தும் குழாயும் இல்லை; கருவுறுவதற்கும் ஒரு படலம் நீர் வேண்டும். ஆகவே மழையில் தழைத்து, வெயிலில் சுருண்டு, மறுமழையில் உயிர்க்கிறது. பசலைக்குப் பாசியை உவமை சொன்ன புலவர் மரபு நம்முடையது. ஆயினும் மாஸ் வகைகளுக்குத் தனித்தனித் தமிழ்ப்பெயர் வழக்கில் இல்லை. பழனிமலைப் பாசிகளைத் தொகுத்து 1961இல் பட்டியலிட்டவர் செண்பகனூரில் வாழ்ந்த ஃபோரோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். அயல்நாட்டார் ஒருவர் குனிந்து பார்த்ததை நாம் நின்றும் பார்க்கவில்லை என்பது எண்ணற்பாலது.

தெய்வம் காத்த வனம்

சோழமண்டலக் கரையோரம் முழுதும் ஒரு காலத்தில் பரந்திருந்தது உலர் பசுமைமாறாக் காடு. ஓங்கி உயராத மரங்கள், தடித்த சிறிய இலைகள், மரத்துக்கு மரம் பின்னும் கொடிகள் ஆகியவை அதன் இயல்பு. ஆண்டில் பல மாதம் மழை இல்லாவிடினும் அதன் பசுமை மாறுவதில்லை. உழவுக்கும் விறகுக்கும் முந்திரித் தோப்புக்கும் அக்காடு இடம்கொடுத்தது. எஞ்சியவை கோயிற்காடுகள். கடலூர் மாவட்டத்தில் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி ஆகிய ஊர்களின் காடுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் 1990களில் மரம் மரமாக அளந்து ஆராய்ந்தனர். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடும் இவ்வகையினது.

இக்காடுகளைக் காத்தது சட்டமன்று. அச்சமும் அன்பும் கலந்த வழிபாடு. ஐயனாரின் காட்டில் கிளை ஒடிப்பது பிழை என்ற நம்பிக்கை வேலியாக நின்றது. கோயிலைப் பெரிதாக்கவும் பாதை போடவும் மரம் வெட்டும் இந்நாளில் அவ்வேலி தளர்ந்துவருகிறது. தெய்வத்துக்குக் கட்டடம் எழுப்பித் தெய்வத்தின் காட்டை அழிப்பது முறையாகுமா என்பதை ஊரார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கபிலர் தொகுத்த மலர்கள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை நிரல்படக் கூறினார். மலைநிலப் பாட்டாயினும் அதில் ஐந்திணை மலர்களும் உள்ளன. மந்தாரக்குப்பத்திலிருந்து ஒருநாள் பயணத்துக்குள் அவற்றுள் எத்தனையைக் காணலாம்?

காயா கோயிற்காட்டில் இன்றும் உண்டு. மாயோன் மேனிக்கு உவமையான நீலப்பூ கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். காட்டெலுமிச்சை என்று சிறுவர் அழைக்கும் முள்மரம் பழைய குருந்து. ஆவிரையும் தும்பையும் சாலையோரத்தில் கேட்பாரற்றுப் பூக்கின்றன. ஏரிகளில் ஆம்பலும் தாமரையும் உண்டு. கடற்கரை மணலை அடும்பு பிடித்து நிற்கிறது. தில்லையைச் சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் கழியில் காணலாம். சுரபுன்னையும் கண்டலும் அதற்குத் துணை. அக்கழிக்காடு 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. நெய்வேலிக் கரியில் சுவடாகக் கிடக்கும் கடற்கழிக் காட்டின் சாயலை உயிரோடு காண விரும்புவோர் செல்லவேண்டிய இடமும் அதுவே.

உரையாசிரியர் வழியே மட்டும் இம்மலர்களை அறிவது ஒருவகை அறிவு. மணமும் முள்ளும் பருவமும் அறிந்து சொல்வது கபிலர் அறிவு. முன்னையது நூலகத்தில் கிட்டும். பின்னையதற்குக் காடு வேண்டும்.

மனிதர் வளர்த்த வனம்

சுரங்கம் தோண்டிய மண் குன்றுகளாகக் குவிந்தது. உழுநிலத்தின் வளமான மேல்மண் அடியில் போய், ஆழத்துக் களியும் மணலும் மேலே வந்தன. கரிப்படலத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடையறாது இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். அந்நீரில் ஒரு பகுதி பரவனாற்று வழியே பெருமாள் ஏரியைச் சேர்கிறது. பல சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. பழைய நெய்வேலியும் அவற்றுள் ஒன்று. ஊரோடு அதன் வேம்பும் ஆலும் புளியும் போயின.

அம்மண்குன்றுகளில் நிறுவனம் மரம் நட்டது; நகரியத்தின் தெருக்களையும் நிழல் மரங்கள் மூடின. வெறுங்களியில் பசுமை காண்பது எளிய செயலன்று. அதனைப் பாராட்டுதல் தகும். எனினும் நட்ட காடு வேறு, விளைந்த காடு வேறு. ஒரே அகவை மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் கொடியும் மூலிகையும் பெரணியும் பாசியும் வந்து குடியேறப் பல தலைமுறை வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல் இம்மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் ஓரிரவில் சாய்த்தது. ஓரினப் பயிரை நம்பிய நிலம் எத்துணை எளிதில் வெறுமையாகும் என்பதை அன்று அனைவரும் கண்டனர்.

நிறைவாக

புதைந்த வனம் விளக்கெரிக்கிறது. எரிந்தபின் அது மீண்டும் வாராது. நட்ட வனம் வளர்ந்துவருகிறது; அதற்குக் காலம் வேண்டும். இடைப்பட்ட கோயிற்காடு ஒன்றே இரண்டுக்கும் பாலம். நட்ட வனத்துக்கு வேண்டிய விதைகள் அங்கேதான் உள்ளன.

விதையோடு பெயரும் அங்கேதான் உள்ளது. ஆடு மேய்ப்பவரும் பச்சிலை பறிக்கும் மூதாட்டியும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர் சொல்வர். அவை அகராதியில் முற்றும் ஏறவில்லை. அப்பெயர்களைக் கேட்டு, செடியைக் கண்டு, பூக்கும் மாதத்தையும் சேர்த்து எழுதிவைப்பது கவிஞர் செய்யத்தக்க பணி. ஓர் இலக்கிய வட்டம் கூடிச் செய்தால் விரைவில் நிறைவேறும் பணியுமாகும். அதன் முதற்பக்கத்தில் மந்தாரையை எழுதலாம். எழுதுமுன் ஊரில் ஒரு மந்தாரைக் கன்றை நட்டுவிட்டு எழுதுவது இன்னும் நன்று.