இழுப்பறைச் சேனல் பொருத்தும் ஜிக்

இழுப்பறைகளைத் தாங்கும் உலோகச் சேனல்களை ஒரே உயரத்திலும் ஒன்றுக்கொன்று இணையாகவும் பொருத்துவதற்காகத் தச்சர் தம் பட்டறையிலேயே செய்துகொள்ளும் துணைக்கருவி. மேசை, அலமாரி, சமையலறைக் கேபினெட் என எல்லா வேலையிலும் பயன்படுகிறது. மிச்சப்பட்ட பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். துண்டு இதற்குப் போதும். மரப்பலகை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பிச் சுருங்கும் என்பதால் அது ஏற்றதல்ல. கிரெக், ராக்லர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் ஆயத்த ஜிக்குகளையும் விற்கின்றன.

கடைகளில் டெலஸ்கோப்பிக் சேனல் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் 45 மி.மீ. உயரமுள்ள, பால் பேரிங் வைத்த, மூன்று அடுக்குச் சேனல். நீளம் 10 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை இரண்டிரண்டு அங்குலமாகக் கூடும். வெளி அடுக்கு கேபினெட்டிலும், கழற்றக்கூடிய உள் அடுக்கு இழுப்பறைப் பெட்டியிலும் ஏறும். பக்கத்துக்கு 12.7 மி.மீ. (அரை அங்குலம்) இடைவெளி வேண்டும். ஆகவே கேபினெட்டின் உள்வாய் 500 மி.மீ. என்றால் பெட்டியின் வெளியகலம் 474.6 மி.மீ.; கைவேலையில் 474 என்று வைத்துக்கொள்வது நல்லது. அகலம் சற்றுக் குறைந்தால் சேனலே பொறுத்துக்கொள்ளும். இன்னும் குறைந்தால் பின்னால் மைக்காத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். கூடிப்போனாலோ குண்டுகள் நெரிபடும். பெட்டியை இழைத்துக் குறைப்பதைத் தவிர வழியில்லை. 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பல நேரம் அதைவிட மெல்லியதாகவே இருக்கும். எனவே தாளில் போட்ட கணக்கை நம்பாமல், கூட்டி முடித்த கேபினெட்டின் உள்வாயை முன்னும் பின்னும் அளந்த பிறகே பெட்டிக்குப் பலகை அறுக்க வேண்டும். முன்னகலமும் பின்னகலமும் வேறுபட்டால் எந்த ஜிக்காலும் அதைத் திருத்த முடியாது.

இரு சேனல்களும் நினைத்ததைவிட 2 மி.மீ. உயரத்தில் அமைந்தாலும் இழுப்பறை தடையின்றி ஓடும். ஒன்று மட்டும் உயர்ந்தால் பெட்டி கோணி இறுகும். டேப்பால் இருபுறமும் தனித்தனியாக அளப்பவரிடம் இரண்டு வேறு பிழைகள் நேர வாய்ப்புண்டு. ஜிக் வைத்தால் ஒரே பிழை இருபுறமும் ஒரே அளவில் விழும். பட்டறை ஜிக்கின் மதிப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது. துல்லியத்தைப் பற்றிப் பலர் கொள்ளும் கவலை இதற்கு அடுத்ததுதான்.

தாங்குபலகை

எளிய வகையும் சிறந்த வகையும் இதுவே. கேபினெட்டின் அடிப்பலகைமேல் நிற்க வைத்து, அதன் மேல்விளிம்பில் சேனலை அமர்த்தித் திருகும் ஒரு பலகை. வேறு உறுப்பு எதுவும் இல்லை. மூன்று இழுப்பறைகள் 200 மி.மீ. இடைவெளியில் வர வேண்டும் என்று கொள்வோம். மேல் சேனலின் அடிவிளிம்பு 460 மி.மீ. உயரத்தில் என்றால், பலகையை முதலில் 460க்கு அறுத்து, இடமும் வலமும் மேல் சேனல்களைப் பொருத்த வேண்டும். பிறகு அதே பலகையை 260க்கு அறுத்து நடுச் சேனல்கள், கடைசியாக 60க்கு அறுத்து அடிச் சேனல்கள். வேலை முடியும்போது ஜிக்கும் தீர்ந்துவிடும். அதே கேபினெட்டைப் பலமுறை செய்கிறவர்கள் அறுக்காமல் மூன்று பலகைகளாக வைத்துக்கொள்ளலாம். பலகையின் ஒரு விளிம்பில் ‘முன்’ என்று எழுதி, இருபுறமும் அந்த விளிம்பையே முன்பக்கம் வைக்க வேண்டும். பலகையின் ஒரு கோடி உயர்ந்திருந்தாலும் இரு சேனல்களும் அப்போது ஒரே பக்கம் சாயும்.

கேபினெட்டைக் கூட்டுவதற்கு முன்பே சேனல் ஏற்றும் பழக்கமும் உண்டு. இரு பக்கப் பலகைகளையும் பின்விளிம்புகள் ஒட்டும்படி மேசையில் படுக்க வைத்து, இரண்டுக்கும் குறுக்கே ஒரே கோடு இழுத்துவிடுவார்கள்.

முன்சட்ட ஜிக்

சேனலைத் தாங்கும் நீளச் சட்டமும், அதற்குச் செங்கோணத்தில் கேபினெட்டின் முன்விளிம்பைப் பற்றும் குறுஞ்சட்டமும் சேர்ந்தது. உயரமான அலமாரிகளுக்கு வசதியானது. செங்கோணம் அரை டிகிரி தவறினால், 500 மி.மீ. நீளத்தில் சேனலின் பின்முனை 4 மி.மீ.க்கு மேல் விலகும். சோதிப்பது எளிது: நேர் விளிம்புள்ள பலகையில் ஜிக்கை வைத்துக் கோடு இழுத்து, புரட்டிப் போட்டு அதே இடத்தில் மறுகோடு இழுக்க வேண்டும். கோடுகள் விரிந்தால் விரிவில் பாதி ஜிக்கின் பிழை.

முன்சட்டம் இருமுகத்திலும் துருத்தி நிற்க வேண்டும் என்பது பலர் கவனிக்காத நுட்பம். ஒரு முகத்தில் மட்டும் துருத்தினால் மறுபக்கத்துக்கு ஜிக்கைத் தலைகீழாக்க நேரும். அப்போது சாய்வும் தலைகீழாகி, ஒரு சேனல் மேலேறும்போது மற்றொன்று கீழிறங்கும். பிழை இரட்டிப்பாகும். நீளச் சட்டத்தில் சிறு காந்தங்களைப் பதித்தால் எஃகுச் சேனல் தானாக ஒட்டி நிற்கும், ஒரு கை மிச்சமாகும்.

முகப்புப் பலகை கேபினெட்டை வெளியிலிருந்து மூடுமானால் சேனலை முன்விளிம்பிலிருந்து 2–3 மி.மீ. உள்ளே தள்ளுவது வழக்கம். முகப்பு உள்ளேயே அமர்வதானால் அதன் கனத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவுக்கு ஒரு கட்டையை முன்சட்டத்தில் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்கும் வேலை இல்லை.

திருகாணியை முதலில் நீள்துளைகளில்தான் இறக்க வேண்டும். இழுப்பறையை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்த பின்னரே வட்டத் துளைகளில். திருகாணித் தலை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் உள் அடுக்கு அதில் இடிக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் உருவான 32 மி.மீ. முறையில், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, 32 மி.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. விட்டமுள்ள துளைகள் வரிசையாக இடப்படுகின்றன. இதற்குத் துளைவார்ப்பே ஜிக். மரத்தில் செய்த வார்ப்பு சில கேபினெட்டுகளிலேயே தேய்ந்துவிடும் என்பதால் துளைகளில் எஃகுக் குழல் பதிப்பார்கள்.

பெட்டிக்கு அடியில் மறைந்திருக்கும் சேனல்களின் கணக்கு வேறு. ஆஸ்திரிய நிறுவனமான ப்ளூமின் டான்டம் வகையில், பக்கப் பலகை 16 மி.மீ. வரை இருந்தால் பெட்டியின் உள்ளகலம் கேபினெட் உள்வாயைவிட 42 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் கொக்கிக்கான துளையும் தேவை. இவ்வகைக்குப் பட்டறையில் ஜிக் செய்வது நேரத்துக்குக் கேடு. தயாரிப்பாளரே விற்கும் துளைவார்ப்பை வாங்கிவிடுவதே மேல்.